அட்டை முடியும் கட்டை முடியும்

ஆண்டுதோறும் நாடகக் காலம் நெருங்குங்கால் நம் மாணவர் கதையைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு திங்களும், பாத்திரங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் பூசலில் மற்றொரு திங்களும் கழித்துவிட்டு, அரங்கேற்றத்திற்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் அரசனுக்கு முடி வேண்டும் என்பதை நினைக்கின்றனர். உடனே ஒருவர் தாம்பரத்தில் மின்சார வண்டி ஏறிக் கோடம்பாக்கத்தில் இறங்கி, திரைப்படத்தார்க்கும் நாடகத்தார்க்கும் உடையும் அணியும் வாடகைக்கு விடும் கடையொன்றிற் புகுந்து, கண்ணில் முதலிற் பட்ட முடியைப் பையில் இட்டுக்கொண்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுகின்றார். அம்முடி எந்த அரசனுக்கென்று செய்யப்பட்டது, நம் நடிகரின் தலைக்குப் பொருந்துமா என்றெல்லாம் எண்ணிப் பார்க்க அவருக்குப் பொழுது இல்லை. இவ்வழக்கம் மாற வேண்டும் என்பதும், மேடையில் முடி புனைபவர் அதனைத் தம் கையாற் செய்யக் கற்றல் வேண்டும் என்பதும் எம் கருத்து. இதனைச் சொன்னபோது நண்பர் பலர் நகைத்தனர். நாட்டில் எத்தனையோ பெருங்காரியங்கள் இருக்க, ஒரு தொப்பியைப் பற்றியா எழுதுவது என்றனர். ஆதலின் எம் காரணங்களைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி மேடையில் யாம் நேரிற் கண்டதை முதலிற் கூறுவோம். அன்று நடந்தது கர்ணன் கதை. கர்ணனாக வந்த இளைஞர் நல்ல குரல் உடையவர். தம் பகுதியை ஒரு மாதம் ஊணுறக்கம் குறைத்து உருப்போட்டவர். படைக்கலப் பயிற்சியைக் காட்டும் அரங்கில் அவரது குலம் யாதென்று வினவுகின்றனர். அவர் தலைகுனிந்து நிற்கின்றார். துரியோதனன் எழுந்து, ‘இக்கணமே இவனை அங்கநாட்டு அரசனாக்கினேன்’ என்று முடியை எடுத்துச் சூட்டுகின்றான். கதை முழுவதும் அந்த ஒரு செயலின்மேல் நிற்கின்றது என்பதை அறியாதார் யார்? சூட்டிய முடி கர்ணனின் நெற்றியைக் கடந்து, புருவத்தைக் கடந்து, மூக்கின்மேல் வந்து தங்கியது. உள்ளே திணித்திருந்த செய்தித்தாள் சுருளொன்று தோளில் விழுந்தது. அவையில் எழுந்த நகைப்பு அடங்கச் சில நிமிடங்களாயின. அதன் பின் அவ்விளைஞர் இறுதிக் காட்சி வரை இடக்கையால் முடியைப் பற்றிக்கொண்டே நடித்தார். அதனால் வில்லை வளைக்க இயலவில்லை. கவச குண்டலங்களையும் ஒரு கையாலேயே தானம் செய்தார். நாடகம் முடிந்தபின் அவர் ஒருவரோடும் பேசாமல் விடுதிக்குப் போய்விட்டார். முடியைக் கொண்டுவந்தவரோ, கடையில் இருந்தது அதுதான் என்றார். அவர் சொன்னது பொய்யன்று.

நம் முன்னோர் தலையிற் சூடுவதற்கும் மார்பிற் சூடுவதற்கும் வேறு வேறு பெயர் வைத்திருந்தனர். தலையிற் சூடியது கண்ணி. மார்பில் அணிந்தது தார். சேரர்க்குப் பனம்பூவும், பாண்டியர்க்கு வேப்பம்பூவும், சோழர்க்கு ஆத்திப்பூவும் அடையாளமாயின. போர்க்களத்துப் புழுதியில் நிற்பவன் யார் என்பதை அவன் தலையைப் பார்த்தே அறிந்தனர். மேடையும் ஒருவகைக் களமே அன்றோ? பின்வரிசையில் இருப்பவர்க்கு நடிகரின் கண் தெரியாது, வாயசைவு தெரியாது. தலையின் வடிவம் ஒன்றே தெரியும். அன்றியும் ‘முடி’ என்னும் ஒரு சொல்லே தமிழில் மயிரையும் குறிக்கும், மகுடத்தையும் குறிக்கும், கட்டுதலையும் குறிக்கும், நிறைவேற்றுதலையும் குறிக்கும். இச்சொல்லை வைத்து விளையாடும் எண்ணம் எமக்கு இல்லை. கட்டுதல் என்னும் பொருளை மட்டும் வாசகர் நினைவிற் கொள்க. அது பின்னர் வேண்டியிருக்கும்.

நம் கல்லூரிக்கும் நம் சுற்றுப்புறத்திற்கும் நாடகம் புதியதன்று. கல்லூரி 1937ஆம் ஆண்டு தாம்பரத்திற்கு வருவதற்கு முன், நகரின் நடுவே இருந்த காலத்தில், இங்குத் தமிழாசிரியராய் இருந்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் ரூபாவதி, கலாவதி முதலிய நாடகங்களை இயற்றியதோடு, 1897இல் ‘நாடகவியல்’ என்னும் இலக்கண நூலையும் செய்தார். பரிதிமாற் கலைஞர் என்று தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்ட அவர் 1903இல், முதுமை காணாமலே மறைந்தார். 1898 முதல் 1911 வரை இங்கே தமிழ் கற்பித்த மறைமலையடிகள் காளிதாசரின் சாகுந்தலத்தைத் தமிழாக்கித் தந்தார்; கல்லூரியை விட்டபின் அவர் குடியேறியது நமக்கு அண்மையிலுள்ள பல்லாவரம். பல்லாவரத்தை அடுத்த பம்மல் என்னும் ஊரைத் தம் பெயரின் முன்னே தாங்கிய சம்பந்த முதலியாரோ 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, வழக்கறிஞரையும் உத்தியோகத்தரையும் அரிதாரம் பூசி மேடையேற்றினார். தாமும் பின்னாளில் நீதிபதியானார். கூத்தாடி என்று இகழப்பட்ட தொழிலைக் கற்றவரும் மதிக்குமாறு செய்ததில் அவர்க்குப் பெரும்பங்கு உண்டு. 1959இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது.

இம்மூவரையும் யாம் வணங்குகின்றோம். ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. கற்றவர் மேடை ஏறியபோது தெருவில் நின்ற கூத்தரை உடன் அழைத்துச் செல்லவில்லை. மேடைக்கு வந்த மதிப்பு தெருவுக்கு வரவில்லை. இன்றுங்கூட நம் விடுதிகளில் ஒருவன் அளவுக்கு மிஞ்சிக் கையைக் காலை ஆட்டினால், ‘என்ன, கூத்தாடுகிறாயா?’ என்றுதான் கேட்கின்றோம். கேட்பவருள் சிலரின் தந்தையோ பாட்டனாரோ கூத்தர் என்பதை யாம் அறிவோம். அவர்கள் அந்நேரத்தில் பேசாமல் இருந்துவிடுகின்றனர்.

கூத்தரின் முடியை யாம் முதன்முதல் அருகிற் கண்டது காஞ்சிபுரத்துப் பக்கத்து ஊரொன்றில். கோடைக்காலத்தில் அப்பகுதியிலுள்ள திரௌபதியம்மன் கோயில்களில் பாரத விழா நடைபெறும், பகலிற் பாரதப் பிரசங்கம், இரவிற் கூத்து, இறுதியில் படுகளம். எம்மை அழைத்துச் சென்ற நண்பர் அவ்வூரினர். ஆட்டம் தொடங்குதற்கு இரண்டு மணி நேரம் முன்னரே வேடம் புனையும் கொட்டகைக்குள் எம்மை இருத்தினார்.

அரச வேடங்களைக் கூத்தர் கட்டை வேடம் என்கின்றனர். கிரீடம், தோளின்மேல் நிற்கும் புஜகீர்த்தி, மார்பை மறைக்கும் பதக்கம், காதணி ஆகிய யாவும் மரக்கட்டையாற் செய்தவை. அதற்கு அவர்கள் எடுத்துக்கொள்வது கல்யாண முருங்கை. முள்முருங்கை என்றும் இதற்குப் பெயர்; வேலியில் நிற்கும், கொடிக்கால்களில் வெற்றிலைக் கொடி படர நடுவர், சிவந்த பூப் பூக்கும். விறகுக்கும் உதவாத மரம் என்று வீட்டார் இகழும் அதன் மென்மையே கூத்தர்க்கு வேண்டுவது. காய்ந்தபின் கையில் எடுத்தால் கட்டையைத் தூக்கிய நினைவே தோன்றாது. தேக்கிலோ வேம்பிலோ செய்தால் ஒருவர் இரவு முழுதும் அதைச் சுமந்துகொண்டு சுழன்றாட இயலுமா? துண்டை அறுத்து, வடிவம் வரைந்து, உளியாற் குடைந்து, மேற்பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்கி, வண்ணம் பூசி, பொன்னிறத் தாளும் கண்ணாடித் துண்டுகளும் மணிகளும் ஒட்டுகின்றனர். கண்ணாடி எதற்கென்று கேட்டோம். அக்காலத்தில் தீவட்டி ஒன்றுதான் விளக்கு. அந்தக் கொஞ்ச வெளிச்சத்தைப் பிடித்து ஆயிரமாக்கிச் சனங்கள்மேல் வீசுவதற்காக என்றார் முதியவர் ஒருவர். இப்போது மின்விளக்கு வந்துவிட்டது; கண்ணாடி மட்டும் போகவில்லை.

அன்று கர்ண மோட்சம். கர்ண வேடம் புனைபவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். பகலில் பிறர் நிலத்திற் கூலிக்கு உழைப்பவர். முகத்திற்கு வண்ணம் பூசி முடித்தபின், நீண்ட துணியொன்றை நனைத்துப் பிழிந்து தலையைச் சுற்றி இறுகக் கட்டச் செய்தார். பிறகு கிரீடத்தை இரு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, துணியின்மேல் அமர்த்தினார். பின்னே நின்ற இளைஞர் கயிறுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து முடிந்தார். ‘இவ்வளவு இறுக்கினால் தலை வலிக்காதா, ஐயா?’ என்று கேட்டோம். ‘வலிக்கும் தம்பி, விடிஞ்சா போயிடும். கிரீடத்தை வெச்சா விழும், கட்டினா நிக்கும்’ என்றார். அவ்வளவில் எம்மை மறந்துவிட்டார். கயிறு முடிந்த கணத்திலிருந்து அவர் முதுகு நிமிர்ந்த விதமும், எம்மைப் பார்த்த பார்வையும் வேறாயின. சற்று முன் எம்மோடு தேநீர் குடித்தவர் அவர்தாம் என்று நம்புவதற்கு முயல வேண்டியிருந்தது.

நள்ளிரவுக்குப் பின் பொன்னுருவி வந்தாள். தன் கணவன் எக்குலத்தவன் என்று தெரியாமல் அவனை இகழ்ந்துவந்த மனைவியிடம், மறுநாள் போரில் மடியப்போகும் கர்ணன் விடைபெறும் இடம் அது. கதையில் தேரோட்டியின் வளர்ப்பு மகன் அரசனாக நிற்கின்றான்; களத்திலோ கூலியாள் ஒருவர் கர்ணனாக நிற்கின்றார். கூடியிருந்தோரில் அவருக்குக் கூலி கொடுப்பவரும் இருந்தனர். ஒருவரும் நகைக்கவில்லை. கர்ணன் சினந்து தலையை உதறினான், சுழன்று சுழன்று ஆடினான், மண்ணில் விழுந்தான். முடி ஓர் இம்மியும் அசையவில்லை. எம் நினைவுக்கு அந்தக் கல்லூரி மேடையும் மூக்கின்மேல் வந்து நின்ற முடியும் வந்தன, வெட்கப்பட்டோம். கற்றவராகிய எம்மவர் கைக்கொண்டது ஒரு மணி நேரத்து வாடகைப் பொருள். எழுத்தறிவில் எம்மினும் குறைந்தவர் என்று யாம் எண்ணியவர், தம் வேடத்தின் ஒவ்வோர் உறுப்பும் எம்மரம், எவ்வளவு எடை, எங்கே முடிச்சு என்பதை அறிந்திருந்தார்.

இக்கலைக்குத் தெருக்கூத்து என்னும் பெயர் பரவலாக வழங்குகின்றது. அப்பெயரில் ‘தெரு’ என்பது இழிவுக் குறிப்பாக ஒலிப்பதால், கட்டைக்கூத்து என்றே அழைக்க வேண்டும் என்று கூத்தருள் ஒரு சாரார் வற்புறுத்துகின்றனர். 1990இல் காஞ்சிபுரத்தில் அமைந்த சங்கம் கட்டைக்கூத்துச் சங்கம் என்றே பெயர் பூண்டது. அதனை நிறுவியோருள் கூத்தர் பெ. ராஜகோபாலும், நெதர்லாந்து நாட்டினராய் வந்து இக்கலையை ஆராய்ந்த ஹன்னா டி பிரூயினும் குறிப்பிடத்தக்கவர். சிறுவர் சிறுமியர்க்குப் பள்ளிப் பாடத்தையும் கூத்தையும் ஒருங்கே கற்பித்த அவர்களது குருகுலம் 2002இல் தொடங்கிற்று, 2020இல் மூடப்பட்டது. பெயரைப் பற்றிய இவ்வழக்கில் இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. தெருவில் இழிவு என்ன இருக்கின்றது என்று கேட்பாரும் உளர். எமக்கு வியப்பளிப்பது வேறொன்று: தம் கலைக்கு மதிப்புள்ள பெயர் ஒன்றைத் தேடிய கூத்தர், பாட்டையோ ஆட்டத்தையோ தெரிந்தெடுக்காமல், தலையிலும் தோளிலும் கட்டும் அந்தக் கட்டையைத் தெரிந்தெடுத்தனர்.

ஊர் திரும்பிய பின் எம்முள் சிலர் கூடி ஒரு முடி செய்து பார்ப்பதென்று துணிந்தோம். மரம் செதுக்கும் திறன் எமக்கு இல்லை; விரலை இழக்கும் விருப்பமும் இல்லை. ஆதலின் அட்டையும் காகிதமும் என்று முடிவாயிற்று. முதலில் எம்மவர் 12 பேரின் தலையைத் தையற்காரரின் அளவு நாடாவால் அளந்தோம். மிகச் சிறியது 21 அங்குலம். மிகப் பெரியது 23½. இரண்டரை அங்குலத்தில் என்ன இருக்கின்றது என்பார், மூக்கின்மேல் வந்து நின்ற முடியை நினைவு கூர்வாராக.

முதல் முடியை ஐப்பசியில் தொடங்கினோம், அதுவே பிழை. மூங்கிற் பிளாச்சுகளை வளைத்துக் கட்டி, மைதாப் பசையிற் செய்தித்தாளைத் தோய்த்து நான்கு அடுக்கு ஒட்டினோம். வடகிழக்குப் பருவமழை தாம்பரத்தில் எவ்வாறு பெய்யும் என்பதைச் சொல்ல வேண்டா. எட்டு நாளாகியும் அது காயவில்லை. ஒன்பதாம் நாள் பூஞ்சணம் பூத்தது. பத்தாம் நாள் எலி கடித்தது. இரண்டாவது முடிக்குத் துருசைப் பொடித்துப் பசையிற் கலந்தோம். எலியும் பூஞ்சணமும் அணுகவில்லை. துருசு நஞ்சாதலின் கையுறை இல்லாமல் அதைத் தொடலாகாது என்பதைப் பிறகே ஒருவர் சொல்லக் கேட்டு அஞ்சி, அம்முடியை ஒருவர் தலைக்கும் ஏற்றாமல் விட்டுவிட்டோம். அஃதன்றியும் ஆர்வ மிகுதியால் எட்டு அடுக்கு ஒட்டியிருந்தமையால் அதன் எடை 900 கிராமுக்கு வந்திருந்தது. மூன்றாவதைத் தை மாத வெயிலிற் செய்தோம். கழுத்தளவுக்கு வரும் பழைய அட்டைப்பெட்டியை அறுத்து இரண்டு அங்குல அகலத்திற் பட்டை எடுத்து, தலை அளவினும் அரை அங்குலம் கூட்டி வளையமாக்கினோம். அந்த அரை அங்குலம் உள்ளே வைத்துத் தைக்கும் துணிக்கு. வளையத்தின்மேல் ஆறு பிளாச்சுகளைக் கூம்பாக நிறுத்தி உச்சியிற் கட்டுக்கம்பியால் இணைத்தோம். காகிதம் மூன்று அடுக்கோடு நின்றது; ஒவ்வோர் அடுக்கும் ஒரு பகல் முழுதும் காய்ந்த பிறகே அடுத்தது. காதருகே இருபுறமும் துளையிட்டுக் கயிறு கோத்தோம். முகப்பில் மட்டும் கண்ணாடி. பின்புறத்தை அவையோர் காணார். எடை 350 கிராம். இதனை எழுதுங்கால் எமக்குள் எழும் பெருமிதத்தை வாசகர் பொறுத்தருள வேண்டும்.

எடையைக் குறைப்பதற்கு நெட்டியைப் பயன்படுத்தலாம் என்று ஒருவர் கூறினார். அதனைப் பற்றி அறிந்தவற்றையும் இங்கே சேர்த்துவிடுகின்றோம். நெட்டி நீர்நிலைகளில் வளரும் செடி. அதன் தண்டின் உட்பகுதி பால்போல் வெண்மையானது, பஞ்சுபோல் இலேசானது. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கன்பேட்டையில் மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்திற் கட்டும் மாலைகளை இதனாற் செய்கின்றனர். தஞ்சையில் பெரிய கோயிலின் உருவத்தையே இதிற் செதுக்குகின்றனர். 2020இல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வங்காளத்தில் மணமகன் தலையிற் கூம்பாக எழும் டோபோர் என்னும் முடியும் இதே நெட்டி. ஆங்கில அதிகாரிகள் வெயிலுக்கு அஞ்சிக் கவிழ்த்துக்கொண்ட வெள்ளைத் தொப்பி இருந்ததே, அதுவும் இதுவே. வங்காளத்தார் இச்செடியைச் சோலா என்பர். சோலாத் தொப்பி என்றதை வெள்ளையர் சூரியனுக்குரிய ஆங்கிலச் சொல்லோடு மயங்கி வழங்கினர். ஏரியிற் கிடந்த ஒரே தண்டு மாட்டின் கழுத்திலும், மணமகன் தலையிலும், கலெக்டரின் தலையிலும் ஏறியது. அத்தொப்பியைக் கண்டு ஒரு காலத்தில் ஊரே எழுந்து நின்றது. மேடையிற் சூடுவது பொய்முடி என்று இகழ்வார் இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

நம்போன்ற மிஷன் கல்லூரிகளிற் கிறிஸ்துமஸ் நாடகத்திற்கும் முடி வேண்டும். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மூவர் என்றோ, அரசர் என்றோ மத்தேயு எழுதவில்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆள் மூவர் என்றும், பின்னர் அரசர் என்றும் மரபு வளர்ந்தது. நாம் அவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதிரியான மூன்று பொன்னிறத் தாள் முடிகளைச் சூட்டி, மறுநாள் காலையிற் குப்பையில் இடுகின்றோம். ஒருவருக்குப் பனையோலையாலும், மற்றொருவருக்குத் தலைப்பாகையாலும், வேறொருவருக்குக் கண்ணாடி பதித்த கட்டையாலும் செய்தால், வெவ்வேறு நாட்டினர் வந்தனர் என்பது சொல்லாமலே விளங்கும். பனை நம் பக்கத்தில் இன்னும் எஞ்சியிருக்கின்றது. இதனை அடுத்த மார்கழியில் யாரேனும் செய்து பார்ப்பின் மகிழ்வோம்.

இனி எம் கருத்துக்கு மறுப்பாகச் சொல்லப்பட்டவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம். தேர்வு நெருங்குகின்றது, பொழுது இல்லை என்பது ஒன்று. மூன்றாவது முடிக்கு யாம் செலவிட்ட நேரத்தைக் கணக்கிட்டோம். காகிதம் காய்ந்த நேரம் நீங்கலாக 11 மணி. பாத்திரப் பங்கீட்டுப் பூசலுக்கு இதனினும் மிகுதியாகச் செலவிடுகின்றோம் என்பதற்கு மேல் மறுமொழி தேவையில்லை.

மற்றொரு மறுப்பு எம்மை உறங்கவிடாதது. வாடகைக்கு விடுபவரும் ஒரு தொழிலாளரே. எல்லாரும் தம் முடியைத் தாமே செய்துகொண்டால் அவர் எங்கே போவார் என்று ஒரு நண்பர் கேட்டார். நாடகக் குழுக்கள் குறைந்துபோன இக்காலத்தில், திருவிழாவுக்கும் பள்ளி விழாவுக்கும் உடை கொடுத்தே அக்கடையினர் பலர் வாழ்கின்றனர் என்பது உண்மை. கூத்தரின் நிலையும் அதுவே. ஆட்டம் இல்லாத மாதங்களிற் கூலி வேலையே அவர்க்குக் கதி. ஆதலின் யாம் முதலிற் கொண்டிருந்த கருத்தைச் சற்றே மாற்றிக்கொண்டோம். வாடகைக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடிப்பது எம் நோக்கமன்று. அப்பணத்தோடு இன்னும் சிறிது சேர்த்து, ஆட்டம் இல்லாத மாதத்தில் கட்டை செய்யத் தெரிந்த கூத்தர் ஒருவரை ஒரு கிழமை இங்கு வரவழைக்க வேண்டும். வேலையாளாக அன்று, ஆசிரியராக. வருகை தரும் பேராசிரியர்க்கு என்ன மதிப்பூதியமும் விருந்தினர் விடுதியில் என்ன அறையும் தருகின்றோமோ, அவற்றையே அவர்க்கும் தருதல் வேண்டும். வகுப்பறையில் அவர் உளி பிடிக்க, நம் மாணவர் கீழே அமர்ந்து கற்றல் வேண்டும். கல்யாண முருங்கைக் கிளை ஒன்றுக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

இது நடவாத காரியம் என்பார்க்கு ஈழத்தைக் காட்டுகின்றோம். பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை ஆராய்ந்ததோடு நில்லாமல், ஊர்க்கூத்தின் ஆசிரியராகிய அண்ணாவியாரின் துணையைக் கொண்டு மாணவரை ஆடச்செய்து, 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ ஆகியவற்றை மேடையேற்றினார். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் தாமே பேராசிரியராகி அக்கலையைக் கற்பித்தார். சென்னையிலும் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, புரிசைக் கண்ணப்பத் தம்பிரானிடம் கற்றது. கற்றவர் கூத்தரின் காலடியில் அமர்ந்ததால் அவர்தம் பட்டங்கள் ஒன்றும் உதிர்ந்துவிடவில்லை.

கூத்தரை வரவழைக்கும் செய்தியை உரியவரிடம் எழுத்தாற் கொடுத்திருக்கின்றோம். மறுமொழி இன்னும் வரவில்லை. நிதிநிலை பார்த்துச் சொல்வதாக வாய்மொழியாக அறிந்தோம். இதற்கிடையில், மூன்றாவது முடியை அலமாரியிலிருந்து சென்ற கிழமை எடுத்துப் பார்த்தோம். வலப்புறத்திற் கண்ணாடித் துண்டு மூன்று உதிர்ந்திருந்தன. உச்சிக் கம்பி துருவேறியிருந்தது. மற்றபடி உறுதியாகவே இருக்கின்றது. இவ்வாண்டு கர்ணனாக வருபவரின் தலை 21½ அங்குலம். உட்பட்டையில் இன்னும் ஒரு சுற்றுத் துணி வைத்துத் தைக்க வேண்டும். ஊசியும் நூலும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டோம்.